அமாங்க்வா என்னைத் திட்டுவதில்லை

அன்புத் தம்பி சர்போங்குக்கு, உன் பெரியம்மா மகன் மீன்கிடங்கு ஒபெங் டார்க்கோ, இப்போது ஊர் சூட்டிய ‘நானா’ என்ற தலைவர் பட்டத்தோடு நானா ஒபெங் டார்க்கோ, குமாசியிலிருந்து அன்போடு எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறையை முடித்துவிட்டேன், இனி உண்மையை எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். பட்டம் கட்டிய தலைவன் நாலு பேர் முன்னால் தன் வாயால் பேசக் கூடாது, கோல்காரர்தான் அவன் பேச்சை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? என் கோல்காரர் அஜெய், தங்கப் பூண் போட்ட கோலை ஊன்றிக்கொண்டு என் விலாவிலேயே நிற்கிறார். போன் அடித்தால் அதையும் அவரே வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறார். காகிதத்துக்கு மட்டும் முன்னோர்கள் சட்டம் போடாமல் போனார்கள், அவர்கள் புண்ணியத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் ரேடியோவால் வந்த வினை. "டார்க்கோ மீனு, உங்கள முழிச்சிப் பாக்கும்!" என்று நானே கத்திய விளம்பரம் ஊரெல்லாம் பரவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் காரைக் கண்டால் கண்ணை உருட்டிக் காட்டும் அளவுக்குப் புகழ் வந்தது. கிடங்கு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. சும்மா இருந்தேனா? நம் சொந்த ஊர்ச் சந்தைக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன். ஊர்ப் பெரியவர்கள் முறைப்படி மதுப் புட்டியோடு வந்து, வளர்ச்சித் தலைவர் ஆசனம் உனக்குத்தான் என்றார்கள். செர்வா அன்றைக்கே சொன்னாள்: "ஏங்க, வீட்டுக்குள்ளயே ஒங்க பேச்சக் கேக்க ஆளில்ல, ஊருக்குத் தலைவராகி என்ன பண்ணப் போறீங்க?" மனைவி சொல்லை எந்த மந்திரி கேட்டான், நான் கேட்க? பட்டம் கட்டிய அன்று தலைவருக்கான பட்டுக் குடை தலைக்கு மேல் ஆடியபோது, இனி என் வாழ்வில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

மறுநாளே கடையில் ஆரம்பித்தது. ஒரு அம்மாள் ஒரு பெட்டி கானாங்கெளுத்தியைக் காட்டி விலை கேட்டாள். "கொறைக்க முடியாது, வேணும்னா எடு, இல்லாட்டி நடையக் கட்டு" என்று அஜெய் காதில் சொன்னேன். அவர் கோலை உயர்த்தி, "மரம் தன் நிழலுக்கு விலை கேட்பதில்லை என்கிறார் நானா" என்று முழங்கினார். அவள் என்னை வாழ்த்திக்கொண்டே பெட்டியைத் தலையில் வைத்துப் போய்விட்டாள். வீட்டில் விருந்தினர் இருக்கும்போது, குழம்பில் உப்பில்லை என்று முணுமுணுத்தேன். "கடல் தன் கரையைத் தேடுகிறது" என்றார் அஜெய். செர்வா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒங்க கடல்கிட்ட சொல்லுங்க, உப்பு டப்பா அலமாரில இருக்கு" என்றாள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். டயர் கடை அமாங்க்வாவைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் கைவண்டியில் மீன் தள்ளிய காலத்திலிருந்து அவன் கடை வாசலில் நாங்கள் டாமே பலகையாட்டம் ஆடுகிறோம். சோடா மூடிதான் காய். டாமே ஆட்டத்தில் பாதி கையால், மீதி வாயால் என்பது நீ அறிந்ததே. என் காயை வெட்டும் ஒவ்வொரு தடவையும், "செத்த மீனே! ஒன் மூளைய எந்த ஐஸ் பெட்டில மறந்து வெச்சே?" என்பான். கூட்டம் சிரிக்கும், நானும் அவன் பரம்பரையை இழுப்பேன். பக்கத்துக் கடையில் மான்சா அக்கா சுடச்சுடக் கெங்கே மாவுருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்த் துவையலும் தருவாள், விரலை நக்கிக்கொண்டே தோற்பேன். இப்போது வெளியிடத்தில் சாப்பிட எனக்கு அனுமதி இல்லை. கார் கண்ணாடியை இறக்கி வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன்.

போன வாரம் ஆட்டமாவது ஆடுவோம் என்று போய் நின்றேன். அமாங்க்வா தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிட்டுக் கும்பிடாத குறையாக வளைந்தான். ஆட உட்கார்ந்தால், தன் காய்களை ஒவ்வொன்றாக என் வாயில் ஊட்டுகிறான். "ஒழுங்கா ஆடச் சொல்லுய்யா அந்தத் திருட்டுப் பயல!" என்று அஜெய் காதில் சொன்னேன். "சிங்கம் தன் நண்பனின் பல்லைக் காண விரும்புகிறது" என்றார் அஜெய். அமாங்க்வா பணிவாகப் பல்லைக் காட்டினான். ஜெயித்துக்கொண்டே இருந்தேன் சர்போங், அழுகை வந்தது.

அப்போதுதான் என் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தது. தலைவனின் பின்பக்கம் தரையில் பட்டால் ஊருக்கே ஆகாது. அஜெய் கோலைப் போட்டுவிட்டு என் அக்குளைப் பிடித்தார், மான்சா அக்கா கரண்டியோடு ஓடி வந்து காலைப் பிடித்தாள். நான் அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்து அமாங்க்வாவுக்குப் பட்டம் கிட்டமெல்லாம் மறந்துபோய், "டேய் செத்த மீனே! நாற்காலிக்கே ஒன்னத் தாங்க முடியலடா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குடை தராத சந்தோஷம் அந்த ஒரு திட்டில் கிடைத்தது. பெரியவர்களோ, தலைவரை இழிவு செய்தான் என்று அவனுக்கு ஒரு ஆடு அபராதம் போட்டார்கள். செர்வா மூலம் ரகசியமாக ஒரு ஆடு வாங்கி அவன் வீட்டுக்கு அனுப்பினேன். அது அங்கிருந்து அபராதமாக என் வீட்டுக்கே வந்தது. அந்த ஆடு ஒன்றுக்குத்தான் என் மனசு தெரியும். அதையும் வெட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு அவன் வாயே திறப்பதில்லை. ஆகவே தம்பி, எனக்குப் பேரும் வேண்டாம், குடையும் வேண்டாம். இந்த ஆசனத்தை நீ ஏற்றுக்கொள். கேப் கோஸ்ட்டில் கணக்கு வாத்தியாராக இருக்கும் உனக்கு, பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய ஓய்வு! பெரியவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். திருவிழாவுக்கு முன் வந்து சேர். நம் அம்மாமார் வழியில் வந்த முன்னோர்கள் உன் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு, விடுதலையை எதிர்பார்க்கும் உன் அண்ணன்,
ஒபெங் டார்க்கோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன், அஜெய் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அமாங்க்வா என் கடைக்கு வந்தான். பட்டத்தைத் தம்பிக்குக் கொடுக்கப் போகிறேன் என்றேன். "அப்பாடா! எடுறா பலகைய" என்று அங்கேயே உட்கார்ந்தான். என் காய் ஒன்று மிச்சமில்லாமல் வெட்டினான். "செத்த மீனே, ரேடியோல கத்துற தொண்டைல பாதியாவது மூளை இருக்கக் கூடாதா?" என்றான். மீன் வாங்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். என் வாடிக்கையாளர்கள், சர்போங்! சந்தைக்குக் கூரை போட்டவனைப் பார்த்து! காது மடல் எரிந்தது. உடனே அஜெய்யைக் கூப்பிட்டேன். நீ வர வேண்டாம், பிள்ளைகளுக்குக் கணக்கே சொல்லிக் கொடு. அமாங்க்வாவுக்கு மறுபடி ஒரு ஆடு அபராதம் போட்டாயிற்று. இந்த முறை ஆட்டை நான் அனுப்பப் போவதில்லை.