மெத்வல்லி வலைப்பதிவு எழுதிய கதை

மெத்வல்லிக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் அவருக்குக் கோபம் வரும்.

முதல் அநியாயம் பிறந்தபோதே நடந்தது. பிறப்புப் பதிவு செய்யும் எழுத்தர், எழுதச் சோம்பல்பட்டு, இறந்துபோன அண்ணனின் சான்றிதழையே தம்பிக்கும் கொடுத்து அனுப்பிவிட்டார். பெயரும் அண்ணனுடையது, வயதும் அண்ணனுடையது. எகிப்திய அரசாங்கத்தின் கணக்குப்படி மெத்வல்லி தன்னைவிடவே மூத்தவர்.

இரண்டாவது, துணி ஆலையில். வேலைநிறுத்தத்துக்கு அவர் எழுதிய துண்டறிக்கையைச் சங்கத் தலைவர் தன் பெயரில் அச்சடித்தார். போலீஸ் வந்து நின்றபோது மட்டும், "எழுதினது மெத்வல்லி" என்று தலைவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

மூன்றாவது, அந்தப் போராட்டம் ஜெயித்த பிறகு ஆலை வாசலில் நட்ட கல். அதில் எல்லார் பெயரும் இருந்தது. கமிட்டிக்கு டீ வாங்கி வந்தவன் பெயர்கூட இருந்தது. மெத்வல்லி இல்லை.

நான்காவது, ஆலை மூடிய பிறகு பிழைப்புக்குக் குவைத் வந்து ஓர் அச்சகத்தில் சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைப் பலகை என்று ஊரில் உள்ளவன் பெயரையெல்லாம் காலை முதல் மாலை வரை அச்சடித்துத் தள்ளும் வேலை. இதில் குற்றவாளி என்று கைகாட்ட ஒருவரும் இல்லை என்பது கூடுதல் எரிச்சல்.

ஐந்தாவதைச் சொல்லத்தான் இத்தனையும்.

அது குவைத்தின் ஹவல்லிப் பகுதியில், அவர் வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை. வயிறு நிறைய முலூகியாக் கீரையும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஏசிக்கு நேரே சாய்ந்து, மெத்வல்லி பிரகடனம் செய்தார்.

"நான் வலைப்பதிவு எழுதப் போறேன்."

அந்த ஆண்டுகளில் வளைகுடாவில் இருந்த எகிப்தியர்களில் பாதிப் பேர் வலைப்பதிவு எழுதினார்கள். மீதிப் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுக் கீழே சண்டை போட்டார்கள். மெத்வல்லி எதிலும் சேராமல் தனியாக இருந்தார். அது அவருக்கே தாங்கவில்லை.

"தாராளமா எழுதுங்க" என்றாள் அவர் மனைவி. மகன் சமீஹின் பெயரால் அவளை எல்லாரும் உம்மு சமீஹ் என்பார்கள். அவரை அபூ சமீஹ் என்பார்கள். "கம்ப்யூட்டர யாரு தொடறது?"

"நான் காகிதத்துல எழுதித் தர்றேன். நீ தட்டிப் போடு. ஆலை ஆபீஸ்ல தட்டச்சு பண்ணினவதானே?"

"ஓஹோ. மூளை உங்களுது, விரல் என்னுது."

"எல்லா இயக்கத்துலயும் அப்படித்தாம்மா. ஒருத்தர் சிந்திப்பாரு. மத்தவங்க உழைப்பாங்க."

"இதையேதான் உங்க சங்கத் தலைவர் சொன்னாரு. அன்னிக்கு நீங்க நாற்காலிய உடைச்சீங்க."

"அவன் சொன்னது வேற."

"ஆமா, நாற்காலியும் வேற." தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவள் தன் கோரிக்கையை வைத்தாள். "அப்போ பதிவுக்குக் கீழ என் பேரையும் போடுங்க. தட்டச்சு இன்னார்னு."

மெத்வல்லிக்குப் புரையேறியது.

"பேரா? உன் பேரா? ஊர்ல உள்ள ஆம்பளைங்க அத்தன பேரும் படிக்கிற எடத்துலயா?"

உலகத் தொழிலாளர் விஷயத்தில் மெத்வல்லி புரட்சிக்காரர். இந்த ஒரு விஷயத்தில் அவர் தன் அப்பாவைவிடப் பழையவர். மனைவி பெயரை வெளி ஆண்கள் காதில் போடுவது அவர் ஊரில் மானக்கேடு. பல் மருத்துவமனையில் நோயாளியின் பெயர் கேட்டபோது, "எங்க வீட்டு ஆளுங்க" என்றார். "எத்தன பேரு?" என்று கேட்டாள் வரவேற்பறைப் பெண். "ஒருத்தர்தான்" என்றார். கடைசிவரை பெயர் சொல்லவில்லை. கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டது, 'திருமதி மெத்வல்லி' என்று ஒருத்தி.

"முடியவே முடியாதா?" என்று கேட்டாள் உம்மு சமீஹ்.

"கொள்கை முடிவு. மாத்த முடியாது."

"சரி" என்றாள்.

அவள் அவ்வளவு சீக்கிரம் 'சரி' சொல்கிற ஆள் இல்லை. எத்தனையோ முதலாளிகளுடன் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர் அந்த 'சரி'யைக் கேட்டு உஷாராகி இருக்க வேண்டும். ஆனால் முலூகியா உள்ளே போய்விட்டால் அவருக்கு உஷார் வெளியே போய்விடும்.

"இன்னொண்ணு" என்றாள். "இப்போதைக்கு உங்க பேரும் வேணாம். அச்சக முதலாளிக்குத் தெரிஞ்சா ஃப்ளைட் ஏத்திருவான். 'ஹவல்லியில் ஒரு குரல்'னு போடுவோம். நேரம் வரும்போது எழுதினவங்க பேரச் சொல்லிக்கலாம்."

ராஜதந்திரம் என்று மெத்வல்லி மெச்சினார்.

முதல் கட்டுரையின் தலைப்பு: 'வாடகை, வியர்வை, குளிர்சாதனம்: ஒரு வரலாற்றுப் பார்வை.' வரலாறு ஃபாரோ மன்னர்களில் தொடங்கியது. குளிர்சாதனத்தை எட்டுவதற்குள் காகிதம் தீர்ந்துவிட்டது. உம்மு சமீஹ் ஒரு சொல் மாற்றாமல் தட்டிப் போட்டாள். வாரம் ஒன்று போனது. வந்தது ஒரே ஒரு மறுமொழி. போட்டவன் கைக்கடிகாரம் விற்கிறவன்.

"மக்கள் இன்னும் விழிக்கல" என்றார் மெத்வல்லி.

"விழிச்சிருந்தவங்களையும் நீங்க விடலையே."

அவர் அசரவில்லை. எழுதிக் குவித்தார். திரைப்பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார். அச்சானதைத் திரும்பப் படித்தால் பிழை கண்ணில் படும், பிழை கண்ணில் பட்டால் தூக்கம் போகும் என்பது அச்சகத்தில் அவர் கற்ற பாடம். படிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவள் வாயால் கேட்டுக்கொள்வார்.

நாலைந்து வாரத்தில் காற்று திசை மாறியது.

"இன்னிக்குக் கூட்டம் தாங்கலங்க" என்றாள். "ரியாத்லேர்ந்து ஒருத்தர், 'வயிறு வலிக்கச் சிரிச்சேன், அடுத்தது எப்போ'ன்னு கேக்கறாரு."

"சிரிச்சாரா? குத்தகைக் கூலி முறையப் பத்தி எழுதினதுக்கா?"

"கசப்புச் சிரிப்புங்க. துன்பம் முத்திப்போனா மனுஷன் சிரிப்பான்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேனா?"

"நீங்க எழுதாம வேற யாரு எழுதுவா?"

அது உண்மைதான் என்று பட்டது. "வேற?"

"தோஹாலேர்ந்து ஒரு அம்மா. 'எங்க வீட்டுக்காரரும் அச்சு அசல் இப்படியே'ன்னு."

"அவரும் தொழிற்சங்கக்காரரா இருப்பாரு."

"இருக்கும். அவரும் குளியலறைக் கதவுல கோரிக்கை எழுதி ஒட்டுவாராம்."

மெத்வல்லி பெருமையோடு மீசையைத் தடவினார். இயக்கம் பரவுகிறது.

அந்த வாரம் வீட்டில் ஒரு போராட்டமும் நடந்தது. தொடர்ந்து மூன்றாம் நாளும் வெண்டைக்காய்க் குழம்பு வந்தது. மெத்வல்லி எழுந்து நின்று, நிர்வாகத்தின் அடாவடியைக் கண்டித்து உண்ணாவிரதம் அறிவித்தார். அவள் மறுப்பே சொல்லாமல், திராட்சை இலையில் சோறு பொதிந்து வேகவைத்த மஹ்ஷியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது மேடை காலி.

"உண்ணாவிரதம் முடிஞ்சுதா?"

"நின்னுக்கிட்டுச் சாப்பிட்டேன். உட்காந்தாத்தான் அது சாப்பாடு."

மறுநாள் மாடிப்படியில் உஸ்தாத் ஷுக்ரி எதிர்ப்பட்டார். மேல் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எகிப்தியர் மன்றத்தின் செயலாளர். "என்ன அபூ சமீஹ், வெண்டைக்காயோட சமாதானம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை மறைக்க இருமினார்.

இந்தக் கட்டடத்தில் சுவர்கள் சரியில்லை என்று மெத்வல்லி முடிவு கட்டினார். குளிர்சாதனக் கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்கு ஒரு குறிப்பு கிடைத்தது.

பத்து நாள் கழித்து ஷுக்ரி வீட்டுக்கே வந்தார். டீக்கு முன்னால் சேதி வந்தது.

"வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி எழுதற வலைப்பதிவுகள்ல சிறந்ததுக்கு மன்றம் பாராட்டு விழா எடுக்குது. தேர்வும் முடிஞ்சுபோச்சு. 'ஹவல்லியில் ஒரு குரல்'. போட்டியே இல்ல. எழுதறது யாருன்னுதான் எவனுக்கும் தெரியல." மறுபடி அதே இருமல் வந்தது. "சொந்தப் பேர அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கோம்."

மெத்வல்லியின் நெஞ்சு ஆலைச் சங்கு மாதிரி கூவியது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

"பேர எப்படி அறிவிப்பீங்க?"

"வாசல்ல எழுதி ஒட்டுவோம்."

"கூடாது!" டீ மேஜை அதிர்ந்தது. அவர் கண்முன்னே அந்தக் கல் வந்து நின்றது. "எழுதி ஒட்டினா ராத்திரியோட ராத்திரியா மாத்திருவானுங்க. எனக்குத் தெரியும் உஸ்தாத், நான் பட்டவன். எழுதினவங்க பேரு எதுவோ அது, முழுசா, அப்பன் பேரு, தாத்தன் பேரு, குடும்பப் பேரோட, சபை முன்னால சத்தமாப் படிக்கணும். சாட்சி இருக்கணும். பின்னால ஒருத்தனும் மறுக்கக் கூடாது."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நியாயம்தான்" என்றார் ஷுக்ரி. "அப்போ நீங்களே படிச்சிடுங்களேன். மைக் கெட்டுப்போனாலும் கேக்கற தொண்டை."

தன் பெயரைத் தானே! மெத்வல்லிக்குக் கண் பனித்தது. "மன்றம் ஆணையிட்டா நான் மறுக்க முடியுமா?"

உம்மு சமீஹ் டீயோடு வந்தாள். "சாட்சிக்கு முன் வரிசைல பெரியவங்களா உக்கார வையுங்க உஸ்தாத். காது நல்லாக் கேக்கறவங்களா."

ஷுக்ரி போன பிறகு மெத்வல்லி கதவைச் சாத்தினார். "பேர நீயே கம்ப்யூட்டர்ல அனுப்பிடு."

"எழுதினவங்க பேரத்தானே?"

"பின்ன? எழுதினவங்க பேரு."

"மாத்தாம அனுப்பணும், இல்லையா?"

"ஒரு எழுத்து மாத்தக் கூடாது. இனிமே ஒரு அநியாயத்த இந்த வீடு தாங்காது."

"அல்லா மேல ஆணையா மாத்த மாட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள்.

வியாழன் மாலை மன்றம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் குடும்பங்கள், நடுவில் பஸ்பூசா இனிப்பு அடுக்கிய மேஜை. முன் வரிசையில் காது நல்லாக் கேட்கிற நான்கு பெரியவர்கள். மெத்வல்லி டை கட்டியிருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் கட்டிய முதல் டை. ஏற்புரையாகப் பேச வேண்டியதை ஃபாரோக்களில் தொடங்கி மனப்பாடம் செய்திருந்தார்.

"பேரு படிக்கறதுக்கு முன்னாடி, எல்லாருக்கும் பிடிச்ச பதிவு ஒண்ணு" என்று சொல்லி ஷுக்ரி விளக்கை அணைத்தார். சுவரில் வெளிச்சம் விழுந்தது. மெத்வல்லி தன் வாடகையையும் வியர்வையையும் எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

'தலைவர் வெண்டைக்காயை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்த கதை' என்றது சுவர்.

ஷுக்ரி படித்தார்: "தலைவர் சமையலறைக்குள் சென்று மஹ்ஷியுடன் தனியே பேச்சுவார்த்தை நடத்தினார். உட்காராதவரை அது சாப்பாடு அல்ல என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துப் பேச வாய் எதுவும் காலியாக இல்லை."

மன்றம் சிரித்து உருண்டது. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், 'தலைவரின் கட்டுரைகள்: பொறுமை உள்ளவர்களுக்கு' என்று ஓர் இணைப்பும் இருந்தது. அவர் எழுதித் தந்த எல்லாவற்றையும் உம்மு சமீஹ் போட்டிருந்தாள். ஒரு சொல் மாற்றவில்லை. யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மெத்வல்லிக்கு முதலில் கோபம் வந்தது. கண்டனத் தீர்மானத்துக்குச் சொற்கள் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. ஆனால் 'மஹ்ஷியுடன் தனியே பேச்சுவார்த்தை' அவருக்குள் எங்கோ கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டது. அவரை மீறி ஒரு சிரிப்பு மூக்கு வழியாக வெளியேறியது. வாழ்நாளெல்லாம் துண்டறிக்கை படித்தவர் அவர். நல்ல வாக்கியத்தைக் கண்டால் அவருக்குத் தெரியும். இது நல்ல வாக்கியம். அவருடையது இல்லை.

"இப்போ, எழுதினவர் பேரு!" என்றார் ஷுக்ரி. மைக் மெத்வல்லியின் கைக்கு வந்தது. சுவரில் பெரிய எழுத்தில் பெயர் விழுந்தது. நான்கு பெயர்கள். நான்கும் அவருடையவை அல்ல.

குடும்பங்களின் பக்கம் பார்த்தார். உம்மு சமீஹ் பஸ்பூசாவின் மேலிருந்த பாதாமைத் தனியே எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைக் கடைசியில் சாப்பிடுகிறவள்.

"படிங்க அபூ சமீஹ்."

"அதான் செவுத்துலயே இருக்கே உஸ்தாத். எல்லாரும் படிச்சவங்கதானே, பாத்துக்குவாங்க."

"அது எப்படி? சபை முன்னால, சத்தமா. நீங்க போட்ட நிபந்தனையாச்சே."

"படிப்பா தம்பி" என்றார் முன் வரிசைப் பெரியவர். "நாங்க சாட்சிக்குன்னு வந்து உக்காந்திருக்கோம்."

மெத்வல்லி தொண்டையைச் செருமினார். "எழுதினவங்க... வந்து... சமீஹோட அம்மா."

"அது பதவி. எங்களுக்குப் பேரு வேணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

வெளிநடப்புச் செய்யலாம். அதில் அவருக்குக் கைதேர்ந்த பழக்கம் உண்டு. கதவும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நடந்துவிட்டால் அந்தப் பெயர் படிக்கப்படாமல் சுவரிலேயே நிற்கும், விளக்கைப் போட்டதும் மறைந்துவிடும். அது எப்படி வலிக்கும் என்று அந்த மன்றத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

டையைத் தளர்த்தினார்.

"இன்ஷிராஹ்" என்றார்.

சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை. பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்தப் பக்கம் கேக்கல" என்றாள் உம்மு சமீஹ், பாதாமைக் கையில் பிடித்தபடி. "முழுசாப் படிக்கணும்னுதானே சொன்னீங்க? அப்பன் பேரு, தாத்தன் பேரு எங்க?"

மெத்வல்லி மைக்கைக் கீழே வைத்தார். ஆலை வாசலில் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பேசிய அதே தொண்டையைத் திறந்தார்.

"இன்ஷிராஹ் அப்துல் மக்ஸூத் கலீல் அல்-பஸ்யூனி!"