கேள்வி கேட்காத ஊரில் ஒரு புத்தாண்டு

யோயென்சூ, ஃபின்லாந்து
நம் சீனக் கணக்கில் முதல் மாதம் பதினோராம் நாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பெரியத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் மான்ஜென் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். வெய்ஃபாங்கில் எல்லோரும் சௌக்கியமா என்று நீங்கள் இதற்குள் வீடு வீடாகக் கேட்டு முடித்திருப்பீர்கள், ஆகையால் நான் தனியாக விசாரிக்கவில்லை. மாமாவுக்கும் அவருடைய முழங்காலுக்கும் என் வணக்கங்கள். தொலைபேசியில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்டுவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

போன வருடம் புத்தாண்டுக்கு முந்தின நாள் விருந்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, முழு மீனை நடுவில் வைத்த கையோடு நீங்கள் என்னைப் பார்த்து, "ஏண்டி மான்ஜென், பரீட்சையில எத்தனாவதா வந்த? இருபத்தி நாலு வயசாச்சே, ஒரு பையன்கூடவா கண்ணுல படல? மூஞ்சி ஏன் இப்படி வெந்த மாவு மாதிரி உப்பிக் கெடக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டீர்கள். நான் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "இப்படியெல்லாம் கேக்காத நாடு ஒண்ணு இருக்கும், அங்க போயிடறேன்" என்றேன். நீங்கள் "போ, மீனைச் சாப்பிட்டுட்டுப் போ" என்றீர்கள். நான் சாப்பிடாமல் போனேன். அன்றைக்கே இங்கே படிக்க விண்ணப்பமும் போட்டேன். வனவியல் படிப்பு என்று அப்பாவிடம் சொன்னேனே தவிர, உண்மையில் இந்த நாட்டு மக்கள் பேசமாட்டார்கள் என்று எங்கோ படித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அத்தை, அது உண்மை. என்னோடு இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இல்மாரி என்று ஒரு பையன், கெர்த்து என்று ஒரு பெண். மூவருக்கும் ஒரே சமையலறை. முதல் மாதம் எனக்கு அது சொர்க்கம். இல்மாரி காலையில் ஒருமுறை தலையாட்டுவான், சாயங்காலம் ஒருமுறை தலையாட்டுவான். கெர்த்து தலைகூட ஆட்டமாட்டாள். இரண்டாம் மாதம் நான் முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வந்து நின்றேன், அப்போதும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நான் கையை நீட்டும் முன்பே இல்மாரி ஜாடி மூடிகளைத் திறந்து வைத்தான், கெர்த்து வாசல் படியில் மணல் தூவினாள். எப்படி விழுந்தேன் என்று மட்டும் இருவரும் கேட்கவே இல்லை. அதைச் சொல்ல நான் எவ்வளவு அழகாகக் கதை தயார் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டரிடம் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

இப்படியே புத்தாண்டுக்கு முந்தின நாளும் வந்தது. இங்கே அது வேலை நாள். காலையில் ஊசியிலை மரங்களின் பூஞ்சை நோய் பற்றிப் பாடம், நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. முந்தின நாளே குளிர்சாதனப் பெட்டியின் மேல், 'நாளை எங்கள் புத்தாண்டு விருந்து. ஆறு மணிக்குக் கொழுக்கட்டை. வந்தால் வரலாம்' என்று சீட்டு ஒட்டியிருந்தேன். ஐந்து ஐம்பதுக்கே இருவரும் குளித்து, தலை சீவி, சமையலறைக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். "இன்னும் ஆறு ஆகல" என்றான் இல்மாரி. ஆறானதும் வந்து உட்கார்ந்தார்கள். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வைத்து எழுபது கொழுக்கட்டை பிடித்திருந்தேன். நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு இல்மாரி, "நல்லாருக்கு" என்றான். கெர்த்து பத்து நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது. "ஏம்ப்பா இல்மாரி, இருபத்தாறு வயசாச்சே, ஏன் இன்னும் ஒரு பொண்ணு அமையல?" என்று கேட்டே விட்டேன். கேட்டபோது என் கை அவன் தட்டில் இன்னும் நாலு கொழுக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தது, அத்தை, அதுவும் உங்கள் கை. எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இல்மாரி சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். பேச ஆரம்பித்தான். ஒண்ணே கால் மணி நேரம் பேசினான். ஹெல்கா என்று ஒரு பெண்ணாம், இரண்டு வருடம் ஒரே பேருந்தில் போனார்களாம், தன்னைப் பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்பாள் என்று இவன் காத்திருக்க, இவன் கேட்பான் என்று அவள் காத்திருக்க, அவள் படிப்பு முடிந்து ஔலு நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். "அப்புறம் என்ன பண்ணின?" என்றேன். "வேற பஸ்ல போக ஆரம்பிச்சேன்" என்றான்.

கெர்த்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ ஏண்டி இப்படி இளைச்சுப் போயிருக்க?" என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மண்ணியல் படிப்பைப் பாதியில் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்றும், தினமும் பையோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்து தேனீ வளர்ப்புப் புத்தகம் படிப்பதாகவும், வீட்டில் சொல்லவில்லை என்றும் சொன்னாள். நான் விடுவேனா? "போனை எடு. அப்பாவுக்குப் போடு. இப்பவே" என்றேன். அவள் அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் மண்ணைப் பிடிச்சதே இல்ல" என்றாராம்.

அடுத்து இல்மாரியைப் போன் போட வைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டுத் தட்டுகளுக்கு நடுவே வைத்தான். "நான்தான்" என்றான். "தெரியுது" என்றாள் ஹெல்கா. அப்புறம் நாலு நிமிடம் ஒன்றுமில்லை.

"கட் ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. மூச்சு விடறா. இதுவரைக்கும் நல்லாத்தான் போயிட்டிருக்கு."

நான் போனைப் பிடுங்கினேன். "ஏம்மா ஹெல்கா, நான் மான்ஜென், இவன் வீட்டுல இருக்கிற பொண்ணு. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"ஏன் ஆகல?"

"யாரும் கேக்கல."

"இவனைப் பிடிக்குமா பிடிக்காதா, அதைச் சொல்லு."

மறுபடியும் நீண்ட மூச்சு. "சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு ரயில் இருக்கு" என்றாள்.

வந்தாள், அத்தை. சிவப்புத் தொப்பி, நல்ல உயரம், நன்றாகச் சாப்பிடுகிறாள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் கட்டிடத்துக் கீழ்த்தளத்தில் சானா என்னும் நீராவிக் குளியலுக்கு யார் எந்த நேரம் என்று எழுதும் தாள் ஒன்று தொங்கும். திங்கட்கிழமை பார்க்கிறேன், அதன் ஓரத்தில் யாரோ புதிதாகக் கோடு போட்டு, எங்கள் வீட்டைக் குறித்து 'கேள்வி, இரண்டாம் மாடி' என்று எழுதி, கீழே ஏழு பேர் பெயரும் நேரமும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் சரியான நேரத்துக்கு வந்து, காலணியைக் கழற்றி வைத்து, உட்கார்ந்து, "சரி, கேளு" என்கிறார்கள். மூன்றாம் மாடிக்காரன் அம்மாவையும் அழைத்து வந்தான். எனக்குக் கேள்விகள் தீர்ந்துபோய், மாமாவின் முழங்காலுக்கு என்ன செய்யலாம் என்றெல்லாம் கேட்கும் நிலைமை வந்துவிட்டது.

உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம், 'பண்டிகைக் காலத்தில் வெளிநாட்டில் படித்ததால் நீங்கள் அடைந்த சுயவளர்ச்சி' என்று ஒரு பக்கம் கேட்டிருந்தது. 'மூன்று கிலோ. மற்றபடி நான் என் அத்தையாக வளர்ந்திருக்கிறேன்' என்று உண்மையை எழுதி அனுப்பினேன். 'நன்றி, கிடைத்தது' என்று பதில் வந்தது. அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ஏழாவது ஆளும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இல்மாரி கதவருகில் வந்து நின்றான். மூன்று நிமிடம் இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்கு... வீட்டு ஞாபகம் வருதா?" என்றான். "அதெல்லாம் இல்லையே" என்று சொல்லிவிட்டு அழுதேன் அத்தை, மூக்கு சிந்திச் சிந்தி, கையில் சோப்பு நுரையோடு. அவன் பயந்துபோய்க் கெர்த்துவைக் கூப்பிட, அவள் தேநீர் போட, இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள்.

ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் பதினான்கு பேரை வருடா வருடம் கேட்கிறீர்கள். போன வருடம் நான் எழுந்து போனது தவறு. அடுத்த புத்தாண்டுக்குக் கட்டாயம் வருவேன். உங்கள் பக்கத்தில் உட்காருவேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், மீன் முள்ளாகும்வரை பதில் சொல்வேன். நீங்கள் இருக்கும்வரை நம் குடும்பத்தில் யாரும் எதையும் மறைத்து வைத்து இளைத்துப்போக முடியாது என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

புத்தாண்டுக்கு உங்கள் வாசலில் ஒட்டிய சிவப்புத் தாள்கள் வருடம் முழுக்க நிறம் மங்காதிருக்கட்டும். உங்கள் ஆயுளும் மாமாவின் பொறுமையும் நீளட்டும்.

என்றும் உங்கள்
மான்ஜென்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்: 'உன் பெரியத்தை இந்த வருஷம் திருந்திட்டாங்க. நீ கோவிச்சுக்கிட்டுப் போனது மனசுல தச்சிருக்கு போல. விருந்துல ஒருத்தரையும் ஒரு கேள்வி கேக்கல, இனிமேலும் கேக்கமாட்டாங்களாம். இருபது நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டோம்.' அத்தை, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். இப்போதே எனக்குப் போன் போடுங்கள். வாயில் வந்ததைக் கேளுங்கள். முக்கியமாக, யாராவது பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம் மாடிக்காரன் நாளைக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறான், இந்த முறை அம்மா இல்லாமல். நீங்கள் கேட்டால்தான் என் பதில் என்னவென்று எனக்கே தெரியும்.