கோழிகள் கேட்ட வரலாறு

எங்கள் பண்ணையில் முட்டை குறைந்ததற்குக் காரணம் நான். அந்தப் பழி கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் பொன்னன் மேல் விழுந்தபோது, எதிரிலேயே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். (இன்னொன்று வை என்றுகூடக் கேட்டேன்.)

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றபின், நாமக்கல் பக்கத்துத் தோட்டத்துக்கே வந்துவிட்டேன். கொங்கு நாட்டு அரசர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆசை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் எழுத்து தானாக வரும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் பேசியதைக் கேட்டு, வீட்டிலும் சொல்லி வைத்தேன். விடியலில் நாற்காலி போட்டேன். எழுத்து வரவில்லை. கோழி ஷெட்டிலிருந்து பொன்னனின் ரேடியோப் பாட்டுதான் வந்தது.

என் மேதைமைக்கு அதுதான் தடை என்று முடிவு கட்டி, ஒரு மதியம் ஆளில்லாத நேரத்தில் பிளக்கைத் திருகி ஒரு வயரைக் கழற்றிவிட்டேன்.

"ரேடியோ செத்துப்போச்சுங்க," என்றார் பொன்னன்.

"பழசுதானுங்ண்ணா, போனாப் போகுது," என்றாள் மருமகள் கவிதா. மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டதால் பண்ணை அவள் பொறுப்பு.

மறுநாள் அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் தலைப்பை எழுதி அடிக்கோடு போட்டேன். அவ்வளவுதான்.

குஞ்சிலிருந்து பாட்டுச் சத்தத்தில் வளர்ந்த கோழிகள். பாட்டு நின்றதும் வாளி உரசினால்கூட ஷெட்டே படபடத்தது. முட்டை குறைந்தது. வந்ததிலும் பல, ஓடில்லாத தோல் முட்டை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் பொன்னனைக் கூப்பிட்டுக் கவிதா விசாரித்தாள்.

"தீவனம் நேரத்துக்குப் போடறீங்களா இல்லீங்களா?"

"போடறனுங்க அம்மிணி. பாட்டு நின்னதுலேருந்துதான் இதுக பதறுதுங்க."

"ரேடியோ மேல பழி போடாதீங்க. இந்த வாரம் பாக்கறேன். சரியாகலீன்னா வேற ஆளைத்தான் பாக்கோணும்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னங்க மாமா சொல்றீங்க?"

"தீவனத்தை மாத்திப் பாரேன்," என்றேன். அப்போதுதான் அந்த இட்லி.

பொன்னனும் அவர் மனைவியும் பண்ணைக்குள்ளேயே குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். அவர் குனிந்தபடி வெளியே போனதைப் பார்த்தபின் எனக்கு எழுத உட்காரவே மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் வயரைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று போனேன். எதையோ எதிலோ மாட்டினேன். டப்பென்று ஒரு சத்தம், ரேடியோவிலிருந்து புகை. அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் கத்தின. ஓடிவந்த கவிதாவும் பொன்னனும் பார்த்தது, ஸ்க்ரூ டிரைவரோடு நின்ற முன்னாள் பேராசிரியரை.

"நான்தான் கெடுத்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பொன்னா, மன்னிச்சிரு."

கவிதா பொன்னனைப் பார்த்தாள். "நானும் உங்களை நம்பலீங்ண்ணா," என்றாள். பிறகு என்னிடம், "தினமும் ஒரே மாதிரி நடந்தாத்தான் வேலை ஓடும்னு நீங்கதான மாமா சொன்னீங்க? அது கோழிக்கும் அப்படித்தானுங்க. புது ரேடியோ வர்ற வரைக்கும் நீங்களே போய்ப் பேசுங்க."

விடியலில் ஷெட்டுக்குள் நாற்காலி போட்டேன். முந்தின இரவு அவசரமாக எழுதிய ஒரே பக்கத்தை உரக்கப் படித்தேன். கோழிகள் மெல்ல அடங்கின.

"எம்மேல உனக்குக் கோபமில்லையா?" என்று பொன்னனைக் கேட்டேன்.

"இருந்துச்சுங்க. இப்பத் தூக்கந்தான் வருதுங்க," என்றார். மூன்றாம் நாள், "நேத்துப் படிச்சதையேதான் படிக்கறீங்க," என்றும் சொன்னார்.

அவருக்குப் பயந்தே தினமும் ஒரு பக்கம் புதிதாக எழுத ஆரம்பித்தேன். முட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது, புத்தகமும் வளர்ந்தது. புது ரேடியோவும் வந்தது. ஆனால் அதைப் போட்டதும், என் குரலுக்குப் பழகிவிட்ட கோழிகள் மிரண்டன. திரும்பவும் நானே போனேன்.

போன மாதம் பள்ளிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். விடியல் முகூர்த்தம். ஷெட்டிலிருந்து கவிதா போன் செய்தாள்: "ஸ்பீக்கர்ல போட்டிருக்கறனுங்க மாமா, படிங்க." கெட்டிமேளத்துக்கு நடுவே, காதைப் பொத்திக்கொண்டு, ஒரு அரசரின் படையெடுப்பை உரக்கப் படித்து முடித்தேன். மணமேடையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் உறவுக்காரர்கள் என் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை. "கோழிக சௌக்கியமுங்களா? இப்ப எந்த ராஜா நடக்குதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.