ஓநாய் அண்ணாச்சியின் வெடிப் பரீட்சை

ஓநாயை நாயாக்கிய கற்கால மனிதனுக்குப் பிறகு, அந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். திருத்தங்கலில் நான் பிழை திருத்தும் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டும் ஓநாய் அண்ணாச்சி.

பள்ளிப் புத்தக ஆர்டரில் வீணான ஒரு தாள்தான் வினையை ஆரம்பித்தது. சீறாத குட்டியை ஆதிமனிதன் வைத்துக்கொண்டான், சீறியதை விரட்டினான், தலைமுறை தலைமுறையாக இப்படியே செய்ததில் ஓநாய் நாயாகிவிட்டது என்று அதில் இருந்தது. அண்ணாச்சி மிஷினை நிறுத்தினார்.

"ஏலே, அவன் ஓநாயையே மாத்திருக்கான். சிவகாசிய பக்கத்துல வச்சுக்கிட்டு, வெடிக்குப் பயப்படாத நாய ஒருத்தனும் உண்டாக்கலையே! வெக்கமா இல்ல?"

அன்றிலிருந்து அவர் வீட்டு நாய்க்குட்டிகளுக்கெல்லாம் பரீட்சை. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடிக்கும் பொட்டலுக்குக் கூட்டிப்போய்த் தள்ளி நிற்பார். அசையாத குட்டி அடுத்த தலைமுறைக்கு. நகர்ந்த குட்டி யாருக்காவது தானம். அந்தத் தானத்தை வாங்கி வாங்கி, திருடனைக் கண்டால் கட்டிலுக்கடியில் நுழையும் நாய்களே எங்கள் தெருவில் நிறைந்தன.

நாலைந்து தலைமுறையில் குட்டிகளுக்குக் காது தொங்க ஆரம்பித்தது.

"என்ன அண்ணாச்சி, காதை இப்படித் தொங்க விட்டுட்டீக?" என்றேன்.

"பயமே இல்லாதவனுக்குக் காது எதுக்குலே வெறைக்கணும்?"

கடைசியில் பிறந்தவன் பாறை. இடி விழுந்தாலும் கொட்டாவி விடுவான். எங்கள் பிரஸ் முதலாளியே இறங்கி வந்தார். "வெடிக்கிற சரத்துக்குப் பக்கத்துல அது அசையாம நிக்கட்டும்யா. வர்ற வருசக் காலண்டர்ல அதான் படம்." அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை வருட உழைப்பும் அந்த ஒரு படத்தில்தான் இருந்தது.

போட்டோக்காரர் தயார். சரம் பற்றியது. பாறை நின்றான். அண்ணாச்சிதான் நிற்கவில்லை. இரண்டு காதையும் பொத்தி, கண்ணை இறுக மூடி, அப்படியே குந்திவிட்டார். வழக்கமாகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்பவர், முதலாளி முன்னால் மரியாதையாக இருக்காதென்று அன்றைக்கு எடுத்துவிட்டாராம். எங்களுக்கு அதுவரை தெரியவே தெரியாது.

பாறை திரும்பிப் பார்த்தான். சரத்தை விட்டுவிட்டு நேராக வந்து அவர்மேல் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நகந்துருச்சேய்யா," என்று முதலாளி கிளம்பிவிட்டார்.

அண்ணாச்சியைச் சிரிக்க வைக்க நினைத்து, "நகந்தா தானம்தானே அண்ணாச்சி? நான் கூட்டிட்டுப் போகவா?" என்றேன்.

பாறையைக் கட்டிக்கொண்டார். "கிட்ட வந்த, கால ஒடிச்சிருவேன். சரத்தப் பாத்தா நகந்தான்? என்னயப் பாத்துல்ல வந்தான்! மொத ஓநாயும் இப்படித்தாம்லே வந்திருக்கும்."

காலண்டரில் வழக்கம்போல முருகன். போட்டோக்காரர் அன்று கடைசியாக எடுத்த, அண்ணாச்சிமேல் பாறை சாய்ந்திருக்கும் படம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்த பிறகுதான் நான் வேலையைத் தொடங்குகிறேன்.