நாற்பத்தொரு பெயரும் ஓடுகிற பட்டையும்

அம்மானில் கணினிக்கு முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தங்கை மகன் ஹைதமுக்கு, ஐன் ஸுமாக் ஊரிலிருந்து உன் பெரிய மாமா அபூ முஃப்லிஹ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமியும் வாசல் அத்திமரமும் இறைவன் கிருபையால் சுகம். உன் சுகத்தையும் அவனிடமே கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் போனில் கேட்டால் இந்த வாரம் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. அதனால்தான் போனைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

நம் குடும்பத்து இணையதளத்தைப் புதுப்பித்து, என் மகன் முஃப்லிஹுக்குப் பெண் கேட்கப் போகும் நேரத்தில் அன்பளிப்பாகக் கொடுத்தாய். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் வாழ்த்து, இரங்கல், பெயர்கள் என்று ஒன்பது வருஷமாகத் தலைப்பில் ஓடிக்கொண்டிருந்த பச்சைப் பட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டாயே! “மாமா, ஓடுற எழுத்தெல்லாம் இப்ப எவன் வைக்கிறான்? படிக்க வர்றவன் எழுத்து பின்னாடியே ஓடணுமா? வயசானவங்க பாவம் இல்லையா?” என்று கேட்டாய். நானும் தலையாட்டினேன். நியாயம் பேசுகிறவன் நான். போன வருஷம் நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பாதிச் செய்தி ஓடிப்போய், தெரிந்த ஒருவர் பெயரும் “...அவர்கள் வீட்டாருக்கு நம் குடும்பத்தின் சார்பில்” என்பதும் மட்டும் கண்ணில் பட்டன. வாழ்த்தா இரங்கலா என்று யாருக்குத் தெரியும்? கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், மகன் பரீட்சையில் பாஸான வீட்டில் உட்கார்ந்து, “பொறுமையா இருங்க, எல்லாம் அவன் நாட்டம்” என்று அரை மணி நேரம் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பையனின் தாய் இன்றுவரை என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொள்கிறாள். அப்படிப்பட்ட நானே இப்போது பட்டைக்காக வாதாடுகிறேன் என்றால் நிலைமை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்.

முஃப்லிஹுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு இடம் பேசி, இரண்டும் கைநழுவிப் போனது உனக்கே தெரியும். இப்போது கஃப்ர் லோஸ் ஊரில் அபூ ஷாஹிரின் மகளைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளை தினமும் சவரம் செய்கிறான், தானாகச் சிரிக்கிறான், ஆட்டுக்குட்டியிடம்கூட மரியாதையாகப் பேசுகிறான். வெள்ளிக்கிழமை நம் பெரியவர்கள் நாற்பத்தொரு பேர் ஒன்றாகப் போய்ப் பெண் கேட்க வேண்டும். அதில் பாதிப் பேர் வராமல் போனால், ‘சொந்தக் குடும்பமே மதிக்காத பையனுக்கா என் மகள்?’ என்று அபூ ஷாஹிர் கதவைச் சாத்திவிடுவார். அவரும் ரோஷக்காரர்.

அந்த நாற்பத்தொரு பெயரைத் தளத்தில் போடும்போது நீ என்ன செய்தாய்? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு நிறுத்தி வைத்தாய்! அதுவும் அகரவரிசையில்! முதல் பெயர் யாருடையது? டயர் கடை அதீபுடையது. போன மாதம்தான் அவன் பெண்டாட்டி அவனை மூன்று நாள் வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். அவன் நம் குடும்பத்துக்கு முதல் ஆள்! நம் அரபு எழுத்துகளில் ‘யா’ கடைசி என்பதால் ஹாஜி யூனுஸ், நம் மேற்கு வீட்டாருக்கெல்லாம் மூத்தவர், நாற்பத்தொன்றாவது. ஹாஜி ஷிப்லி, கிழக்கு வீட்டாருக்கு மூத்தவர், நடுவில் எங்கேயோ கோழி வியாபாரிக்கும் அவன் மைத்துனனுக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கிறார்.

காலைத் தொழுகை முடிந்து நான் செருப்பு மாட்டுவதற்குள் யூனுஸ் ஹாஜியார் வந்துவிட்டார். “அபூ முஃப்லிஹ், நான் வாலா? சொல்லு, வாலா நான்? அப்ப வாலை வீட்டுல விட்டுட்டுப் போங்க” என்றார். அவர் போன பிறகு ஷிப்லி ஹாஜியார் வந்தார். “என்னை எங்க வேணும்னாலும் போடு, எனக்கென்ன, நான் பெருமை பாக்கிற ஆளா? யூனுஸுக்கு முன்னால போட்டா போதும்” என்றார். சரி, வயதுப்படி போடலாம் என்று சமாதானம் பேசினேன். வயதைக் கேட்டேனோ இல்லையோ, குடி முழுகியது. இருவருமே பெரும்பனி விழுந்த வருஷத்தில் பிறந்தவர்களாம். எந்தப் பெரும்பனி என்று இருவரும் முட்டிக்கொண்டார்கள். ஷிப்லி ஹாஜியார் ஒரு சாட்சியைச் சொன்னார். விசாரித்தால் அந்த மனிதர் மௌத்தாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. உன் மாமி என்னைப் பார்த்து, “ஏங்க, எண்பது வயசுப் பெரியவங்களைச் சமாளிக்கத் தெரியாத ஆளு நீங்க, முப்பது வருஷம் தபாலாபீசுல என்னத்தக் கிழிச்சீங்க?” என்றாள். முஃப்லிஹ் சவரம் செய்வதை நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் புத்தி வந்தது. ஒன்பது வருஷம் பெயர்கள் பட்டையில் ஓடினவே, ஒருநாளாவது சண்டை வந்ததா? வட்டமாக ஓடுவதில் முதல் ஏது, கடைசி ஏது? உடனே கைபேசிக் கடை ரனீமைக் கூப்பிட்டுப் பழைய பட்டையைத் திரும்ப ஓட விட்டேன். (கடவுச்சொல்லை நீ எனக்குக் கொடுத்தது உன் தப்பு.) போனைக் கையில் எடுத்துக்கொண்டு யூனுஸ் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். முட்டிவலி, மழை, ஒலிவ விளைச்சல் என்று பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, அவர் பெயர் தலையை நீட்டும் நேரத்தில் சட்டென்று நீட்டினேன். “இப்பதான்யா நியாயம்” என்றார். அங்கிருந்து நேராக ஷிப்லி ஹாஜியார் வீடு. அங்கே இரண்டு சுற்றைத் தவறவிட்டு நாலு கோப்பை காபி குடிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது சுற்றில் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “யூனுஸ் பாத்தானா?” என்றார். பார்த்தார், நியாயம் என்றார் என்றேன். அது பொய்யில்லையே!

ஆகவே மருமகனே, நிற்கிற எழுத்து படிக்கிறவனுக்கு வசதி, ஓடுகிற எழுத்து பெயருக்குரியவனுக்கு வசதி. பட்டையில் கை வைக்காதே. உன் படிப்பு பெரியது, ஆனால் நம் ஆட்களை உன் கணினிக்குத் தெரியாது. உன் கண்ணுக்கும் தொழிலுக்கும் இறைவன் பரக்கத் செய்வானாக, உனக்கும் சீக்கிரம் ஒருத்தி அமைவாளாக. தங்கைக்கு என் ஸலாம். மாமி உலர்ந்த அத்திப்பழம் தனியாக அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
அபூ முஃப்லிஹ்

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தபால் கிடையாது என்பதால் மறுபடி பிரித்து எழுதுகிறேன். நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். அபூ ஷாஹிர் வீட்டு வாசலில் யூனுஸ் ஹாஜியார் நின்றுவிட்டார். “ஹாஜி, நீங்க முன்னால போங்க” என்றார். “அல்லாஹ் மேல ஆணையா, உங்களுக்கு முன்னால நான் காலெடுத்து வைக்க மாட்டேன்” என்றார் ஷிப்லி ஹாஜியார். “மூத்தவர் நீங்க.” “ஐயையோ, நீங்கதான் மூத்தவர், நான் பொறந்தப்ப நீங்க ஓடி விளையாடிக்கிட்டிருந்தீங்க!” என்று கால் மணி நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வெயிலில் நின்றோம். கடைசியில் நம் முஃப்லிஹ் எங்கிருந்தோ வந்து, “கொஞ்சம் வழி விடுங்க” என்று இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டான்! எந்தப் பட்டியலிலும் எந்தப் பட்டையிலும் பெயர் இல்லாதவன்! நான் தலையில் கை வைத்தேன். அபூ ஷாஹிர் கதவைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்கள் வாய் திறந்து பெண் கேட்பதற்கு முன்பே, “வந்து காபியைக் குடிங்கப்பா, பொண்ணு உங்க பொண்ணுதான்” என்றார். உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. நான் அழுதுவிட்டேன், சொன்னால் என்ன வெட்கம். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட அதற்குப் பிறகு போனை எடுத்துத் தன் பெயரைப் பார்க்கவில்லை. ஆகவே பட்டையை வைத்தாலும் சரி, எடுத்தாலும் சரி, உன் இஷ்டம். வரும் மாதம் பதினான்காம் தேதி கல்யாணம் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் நிறுத்திப் போடு. அது மட்டும் நகரக் கூடாது.