சம்பந்தி வீட்டில் நான் வேண்டாமென்ற தண்ணீர்

அடுத்தவருக்குப் புத்தி சொல்லும் ஆசை ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. காய்ச்சலாவது ஒரு வாரத்தில் இறங்கும். இது வீட்டில் இருக்கிறவர்கள், வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரையும் படுத்திவிட்டுத்தான் இறங்கும். எனக்கு அது தண்ணீர் ரூபத்தில் வந்தது.

நான் பாலக்கோட்டில் லேடீஸ் டெய்லர். ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிற எனக்கு என் இடுப்பை அளந்து பார்க்கும் எண்ணம் ஒரு ஆடி மாதத்தில் வந்தது. (ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் வேலையும் கிடையாது. சும்மா இருந்தால் வேண்டாத யோசனைகள்தானே வரும்?) டேப் சொன்ன அளவை இங்கே எழுதப் போவதில்லை. பழைய டேப், சுருங்கிப்போயிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அதையே சொன்னது.

போதாததற்குச் சாப்பிட்டு எழுந்தால் வயிறு உப்பிக்கொண்டது. மிஷினில் உட்கார்ந்தால் ஏப்பம் ஏப்பமாக வரும். அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு மனிதர் தோன்றினார். வெள்ளைத் துண்டு, நெற்றியில் பட்டை, பக்கத்தில் ஒரு செம்புக் குடம். "சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கிறீர்களா? உங்கள் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிகிறது. எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றுவீர்களா?" என்று கேட்டார்.

அடடா, என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வாய் சோறு, ஒரு வாய் தண்ணீர் என்று சாப்பிட்டே வளர்ந்தவள் நான். இத்தனை வருடமாக அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறேனே! அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டாயிற்று. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் தண்ணீர் கிடையாது, நடுவில் கிடையவே கிடையாது, முடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொம்பைத் தொடலாம். அதோடு 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று பெரியவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். எதையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் தக்காளி லோடு ஓட்டுகிறவர். வாய் திறந்து எதிர்த்துப் பேசமாட்டார், ஆனால் வழி கண்டுபிடித்துவிடுவார். திடீரென்று அவருக்கு ரசத்தின்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. டம்ளர் டம்ளராக ரசம் குடித்தார்.

"ஏங்க, ரசத்துலயும் தண்ணி தானே இருக்குது?" என்று கேட்டேன்.

"அது கொழம்பு வகை," என்றார்.

கடைக்கு வந்தவர்களையும் நான் விடவில்லை. ப்ளவுஸுக்கு அளவு கொடுக்கிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களால் பதில் பேச முடியாது. என் பிரசங்கமெல்லாம் அப்போதுதான். ஆடி முடிந்து ஆவணி வந்தபோது டேப்பில் இம்மியும் குறையவில்லை. ஆனால் நினைப்பில் நான் பாதியாகியிருந்தேன்.

அந்த ஆவணியில்தான் என் தம்பி செந்திலுக்குப் பெண் அமைந்தது. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். பெண் பெயர் மேகலா. ஜாதகம் பொருந்தி, போட்டோ பார்த்து, இரண்டு பேரும் போனில் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்தார்கள் என்பதைவிட நிறுத்தவில்லை என்பது சரி. 'இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்க்கா' என்று சொல்லும் அளவுக்கு அவன் போய்விட்டான். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் அவனுடைய முன்மண்டையைப் பார்த்துவிட்டுத் தட்டிப்போனவை. இதுவும் போனால் பையன் உடைந்துபோவான் என்று எங்களுக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது 'கை நனைப்பது' ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வருவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்பா இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி, வண்டியில் ஏற முடியாது. ஆக, பெண்ணுக்கு நாத்தனாராகப் போகிற நான்தான் அன்றைக்குத் தலைமை. நான் கை நனைப்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

முதல் நாள் பெண்ணின் அம்மா போன் செய்து, "என்ன சமைக்கட்டுங்க?" என்று கேட்டார்கள். வடை, பாயசம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே? "எனக்கு ஒரு உருண்டை களி போதுங்க. கேவுரு தான் ஒடம்புக்கு நல்லது," என்றேன்.

மறுநாள் நான், வீட்டுக்காரர், செந்தில் மூவரும் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா மாதப்பன் தெருமுனை வரை வந்து கூட்டிப்போனார். மாந்தோப்பும் கொஞ்சம் மேட்டு நிலமும் வைத்திருக்கிற மனிதர். சலவைச் சட்டையில் மடிப்பு அப்படியே இருந்தது. கூடத்தில் உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"வேணாங்க," என்றேன். சாப்பாட்டுக்கு அரைமணி இல்லையே!

அந்த அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. என் வீட்டுக்காரர் சட்டென்று சொம்பை வாங்கி முழுவதையும் குடித்துவிட்டு, "நல்ல தண்ணிங்க," என்றார். (பாவம், எனக்காக முட்டுக்கொடுத்தார் என்று பிறகுதான் புரிந்தது. அப்போது, சட்டத்தை மீறிவிட்டாரே என்று முறைத்தேன்.)

இலை போட்டார்கள். மற்றவர்களுக்குச் சோறும் பருப்பும் வடையும். என் இலையில் மட்டும் கேழ்வரகுக் களி, கைக்குழந்தையின் தலை அளவுக்கு. அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்ற வந்தார்கள். குழம்பிலும் தண்ணீர்தானே? "கொஞ்சமா போடுங்க, தொட்டுக்க மட்டும்," என்றேன்.

களி எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எங்கள் மாவட்டத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே முழுங்க வேண்டும். பல் படக்கூடாது. நான் மென்றேன். களி மேல்பல்லைப் பிடித்தது, கீழ்ப்பல்லைப் பிடித்தது, அண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. நூறு வயதை நினைத்துக்கொண்டு விடாமல் மென்றேன்.

மாதப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, களி வேகலைங்களா?"

நல்லா இருக்குதுங்க என்று சொல்ல நினைத்தேன். "ங்ஙா" என்று ஒரு சத்தம்தான் வந்தது. அதோடு ஒரு விக்கலும் வந்தது.

"யாரோ நெனைக்கிறாங்க, தண்ணி குடிங்க," என்று பெண்ணின் அம்மா சொம்பை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் அதைத் திரும்ப நகர்த்தினேன். இரண்டாவது விக்கல் வந்தது.

மாதப்பன் குனிந்து, "அது போர் தண்ணி இல்லைங்கம்மா. ஒகேனக்கல் தண்ணி. பைப்புல வர்றது," என்றார்.

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"அந்தக் கேன் தண்ணிய எடு," என்றார் உள்ளே பார்த்து. கேன் தண்ணீர் வந்தது. அதற்கும் கையை ஆட்டினேன். விக்கலில் என் தலை சாமி வந்தவளைப் போலத் தூக்கித் தூக்கிப் போட்டது. பெண்ணின் பெரியப்பா எழுந்து, மூடி உடைக்காத பாட்டில் வாங்கிவரக் கடைக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

செந்தில் என் காதருகில், "அக்கா, குடிக்கா. கால்ல வேணா விழறேன்," என்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ வாய் நிறையக் களி, நெஞ்சு நிறைய விக்கல். விளக்கிச் சொல்ல வழியில்லை.

மாதப்பன் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, புரியுதுங்க. பொண்ணுக்குப் பல்லுல கொஞ்சம் கறை இருக்குது. ஒளிச்சு வெக்கணும்னு நெனைக்கல. போட்டோன்னா அதுவே வாய மூடிக்கும். சின்னப் புள்ளையில போர் தண்ணி தான் குடிச்சு வளந்துது. எங்களுக்கு அன்னிக்கி வேற தண்ணி இல்லைங்க."

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் விளையாட்டுப் பேச்சு அல்ல. பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. சிறுவயதிலிருந்து குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்பாகக் கறை விழும். பெண்ணைச் சிரிக்கவைத்துப் பல்லைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஜாதகத்தின்மேல் பழி போட்டவர்கள் உண்டு. இந்த மனிதர் எத்தனை பேர் முன்னால் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பாரோ! அவர் வீட்டுத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வைத்து, நானும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

"மேகலா, வாம்மா. அக்காவுக்குப் பல்லக் காட்டு," என்றார்.

இலைக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மேகலா வந்தாள், கையில் ஒரு சொம்போடு. பல்லைக் காட்டவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "தண்ணி ஏன் வேணாங்குறீங்க? நேராவே சொல்லிடுங்க."

களியை ஒரு பக்கம் ஒதுக்கினேன். "அடு... க்... அடுப்பு..."

"அடுப்பா?"

"சாப்புடும்போது... க்... தண்ணி குடிச்சா... க்... அடுப்பு அணைஞ்சிரும்."

பெண்ணின் அம்மா சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எரிஞ்சிட்டு தான் இருக்குதுங்க," என்றார்கள்.

அதுவரை தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. "வயித்துக்குள்ள ஒரு அடுப்பு எரியுதாமுங்க. போன்ல ஒரு ஆளு சொன்னாரு. சாப்புடும்போது தண்ணி குடிச்சா அது அணைஞ்சு ஜீரணம் ஆவாதாம். எங்க வூட்லயும் யாருக்கும் தண்ணி கெடையாது. நானே ரசத்தக் குடிச்சு தான் உசுரோட இருக்கறேன். உங்க தண்ணியில ஒரு கொறையும் இல்லைங்க. எல்லாம் இவ தலையில தான்."

நான் ஒரு விக்கல் விட்டேன்.

மேகலா சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தப் போனாள், முடியவில்லை. கண்ணில் நின்ற நீர் கன்னத்தில் வழிய, வாய் கொள்ளாமல் சிரித்தாள். முன்பல் இரண்டிலும் தேநீர் நிறத்தில் மெல்லிய கோடுகள் இருந்தன. செந்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்த பார்வையில், அந்தக் கோடுகள் அவனுக்கு வீடியோ காலிலேயே பழக்கம் என்று தெரிந்துவிட்டது. இந்தத் திருடன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா?

அவள் கையிலிருந்து சொம்பை வாங்கினேன். அண்ணாந்து கடகடவென்று அடி காணும் வரை குடித்தேன். அண்ணத்துக் களி கழன்றது, விக்கல் நின்றது. "மன்னிச்சிருங்க மாமா," என்றேன். மாதப்பன் நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பெரியப்பா மூடி உடைக்காத பாட்டிலோடு வந்து நின்றார். அதை அவரே குடித்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீர் வயிற்றை நிரப்பும் என்பது உண்மை. அந்தச் சொம்புக்குப் பிறகு வடையும் பாயசமும் என் இலைக்கு வந்தன, தொட முடியவில்லை. என் பங்கு வீட்டுக்காரர் இலைக்குப் போனது. ஆனால் அடுப்பு அணையவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வயிறு என்ன செய்யப் போகிறதோ என்று பயந்துகொண்டே வந்தேன். பாலக்கோடு வரும்போது நல்ல பசி. பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்கித் தின்றேன்.

பிறகு ஏப்பத்துக்காக ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "மதியச் சாப்பாடு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். மிஷினை விட்டு எழ நாலு ஆகும் என்றேன். "எழுந்ததும் பறக்கப் பறக்கச் சாப்பிடுவீங்களா?" ஆமாம் என்றேன். "அதச் சரி பண்ணுங்க. தண்ணி தாகத்துக்குத் தகுந்த மாதிரி குடிங்க, சாப்பிடும்போதும் குடிக்கலாம். வயிறு கொஞ்சம் நிறைஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஜீரணம் கெடாது." தண்ணீர் இல்லாமல் களி சாப்பிட்ட கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏன்?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆகி, மேகலா எங்கள் அம்மா வீட்டுக்கு வந்து, இப்போது அவர்களுடைய பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. நான் அங்கே சாப்பிட உட்கார்ந்தால் மேகலா இலைக்கு முன்னால் சொம்பைத்தான் வைப்பாள். "அண்ணி, பைப் தண்ணியா, கேன் தண்ணியா, பாட்டில் வாங்கியாரச் சொல்லட்டுங்களா?" என்பாள். குழந்தைக்கு விக்கல் வந்தால், "அத்தை நெனைக்கிறாங்க," என்று என் தம்பி சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். மேகலா இப்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வதில்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான். காரிமங்கலம் பக்கம் போனால் மாதப்பன் மாமா வேறு யாரையும் கொண்டுவர விடமாட்டார். அவரே சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து நீட்டுவார். நான் குடித்து முடிக்கும் வரை உட்காரமாட்டார். எனக்குத் தாகம் இருக்கும், சில நேரம் இருக்காது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.