சனிக்கிழமை காலை 10.05 முதல் 10.22 வரை

கடித எண்: 3/2023
நாள்: 11.10.2023, புதன்கிழமை
நேரம்: காலை 6.40

பொருள்: தங்கள் காருக்கு நகராட்சி வழங்கிய எச்சரிக்கைச் சீட்டு – மாமனார் தரப்பு விளக்கம் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்கள், என் மகள், பேத்தி மூவரும் நலம் என்பதைச் சென்ற சனிக்கிழமை இங்கு வந்த இருவர் வாயிலாக அறிந்தேன். மூன்றாமவர் வராத காரணத்தையும் அன்றே அறிந்தேன். நானும் உங்கள் அத்தையும் நலம். நான்கு நாள்களாக அவள் என்னுடன் பேசுவதில்லை என்பதைத் தவிரக் குறையொன்றுமில்லை.

நடந்ததை நாள் வரிசைப்படி கூறுவது என் கடமை. வாகனங்களும் கட்டடங்களும் கக்கும் புகையைக் குறைக்க வேண்டி, நின்ற வண்டியில் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது, கட்டட ஜெனரேட்டர்கள் படிப்படியாக ஒழிய வேண்டும் என்றெல்லாம் நகராட்சி ஒரு சுற்றறிக்கை விட்டது. கூடவே தெருவுக்கு ஒன்றாகக் காற்றை அளக்கும் பெட்டியும் வந்தது. அதைத் தன் ஜன்னலில் மாட்டிக்கொள்ள எவரும் முன்வராதபோது, 1.8.2023 அன்று நான் முன்வந்தேன். அது காட்டும் எண்ணை, உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் நீங்கலாக, ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். 5.8, 12.8 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் நீங்கள் வழக்கம்போல் வந்தபோது, குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து உங்களுக்கு வாசித்தும் காட்டினேன். நீங்கள் "ஓகோ" என்றீர்கள். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

19.8 முதல்தான் வினை தொடங்கியது. சனிக்கிழமை காலை 10.05க்கு எண் விறுவிறுவென ஏறும், 10.22க்கு மளமளவென இறங்கும். ஜன்னலுக்குக் கீழே சலவைக்கடையின் தகரக் கூரை மறைப்பதால் தெருவோரம் நிற்பது எனக்குத் தெரியாது. அந்நேரம் என் மகளும் பேத்தியும் மேலே வந்திருப்பார்கள். "அவர் காரை நிறுத்த இடம் தேடறார்ப்பா" என்பாள் மகள். நீங்கள் சரியாக 10.24க்கு வந்து அமர்வீர்கள். அதற்குள் காற்று தெளிந்திருக்கும். "மாப்பிள்ளை காலடி பட்டதும் காற்றே சுத்தமாகிறது" என்று 26.8 அன்று குறிப்பேட்டில் எழுதி, அதையும் உங்களுக்கே வாசித்தேன். நீங்கள் அன்று "ஓகோ" சொல்லவில்லை.

ஆகவே மற்றவர்களைச் சந்தேகித்தேன். 2.9 அன்று கட்டடத்தின் ஜெனரேட்டரைப் பூட்டச் செய்தேன். அன்று பார்த்து மின்சாரம் போய், மூன்றாம் மாடிப் பல் டாக்டர் லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் நின்றார். இன்றுவரை அவர் என்னைக் கண்டால் படியில் போகிறார். 9.9 அன்று சலவைக்கடைக்காரரைக் கெஞ்சிக் கொதிகலனை அணைக்கவைத்தேன். என் சட்டைகள் கசங்கியபடியே திரும்பி வந்தன, எண் மட்டும் குறையவில்லை. வேறு வழியின்றி 19.9, செவ்வாய்க்கிழமை, கையெழுத்திட்டு நகராட்சியில் புகார் கொடுத்தேன்.

23.9 அன்று ஆய்வாளர் வந்து தெருவிலிருந்து குரல் கொடுத்தார்: "சார், கீழே ஒருத்தர் ஏசியைப் போட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கார்!"

"யாரா இருந்தாலும் விடாதீங்க! ஆறு வாரமா படுத்தறான்! எழுதுங்க!" என்று நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். சலவைக்கடைக்காரர் கைதட்டினார்.

தகரக் கூரைக்கு அடியிலிருந்து, "மாமா, நான்தான்" என்றது ஒரு குரல்.

அன்று நீங்கள் மேலே வரவில்லை. 30.9 அன்றும் 7.10 அன்றும் வரவில்லை. மகளும் பேத்தியும் பஸ்ஸில் வந்தார்கள். 7.10 அன்று மகளை நான் கேட்டேன்.

"இடமெல்லாம் தேடலைப்பா. கீழேதான் உட்கார்ந்திருந்தார்."

"எதுக்கு?"

"நீங்க நோட்டை எடுப்பீங்களே, அதுக்கு. கொஞ்சம் லேட்டா வந்தா கொஞ்சம் கம்மியா கேட்கலாம்னு."

அப்போது உங்கள் அத்தை சமையலறையிலிருந்து, "நானும்தான் அந்த நேரத்துல இங்கேயே நிக்கறேன். அவருக்கு ஒளிஞ்சுக்க கார் இருக்கு, எனக்கு அடுப்பங்கரைதான்" என்றாள்.

ஆக, நான் வாசித்ததால் நீங்கள் கீழே அமர்ந்தீர்கள். நீங்கள் அமர்ந்ததால் எண் ஏறியது. எண் ஏறியதால் எனக்கு வாசிக்க இன்னும் நான்கு பக்கம் கிடைத்தது. இதில் ஆய்வாளரைக் குறை கூற ஏதுமில்லை.

மாப்பிள்ளை, ஒன்று சொல்கிறேன். 27.1.2017இல் நீங்கள் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானீர்கள். அன்று முதல் நாம் இருவரும் பேசியதைத் தொகுத்தால் அரைப் பக்கம் வராது. "வாங்க", "சாப்பிட்டீங்களா", "ஆச்சு மாமா", "வெயில் ஜாஸ்தி". அப்புறம் ரெண்டு பேரும் ஃபேனைப் பார்ப்போம். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் உங்ககிட்ட சொல்றதுக்குன்னு எனக்கு ஒரு விஷயம் கிடைச்சுது. வாரம் பூரா அதைச் சேர்த்து வெச்சேன். நிறைய இருந்தா நிறைய நேரம் பேசலாம்னு நினைச்சுட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

எனவே, 9.10.2023 தேதியிட்டு அளவைப் பொறுப்பை ராஜினாமா செய்துவிட்டேன். குறிப்பேடு பீரோவில் இருக்கிறது. சாவி உங்கள் அத்தையிடம். வரும் 14.10.2023, சனிக்கிழமை, அவசியம் வாருங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த விதி நல்ல விதி, அதில் நான் விட்டுக்கொடுக்க இயலாது.

பேத்திக்கு என் முத்தங்கள், மகளுக்கு என் ஆசிகள், தங்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார் (புகார்தாரர்)

பின்குறிப்பு (காலை 11.15): நகராட்சி அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். ராஜினாமாவை ஏற்க முடியாதாம். 30.9, 7.10 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் இந்த வட்டாரத்திலேயே எங்கள் ஜன்னலில்தான் காற்று மிகச் சுத்தமாம்; மனமாரப் பாராட்டினார். பெட்டி பழுதாகியிருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இணைப்புகள்:
1. எச்சரிக்கைச் சீட்டின் நகல் – 1
2. ராஜினாமாக் கடிதத்தின் நகல் (ஏற்கப்படாதது) – 1
3. நாம் பேசத்தக்க பொருள்கள், ஒரு தாள். பன்னிரண்டு எழுதினேன், உங்கள் அத்தை பத்தை அடித்துவிட்டாள். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்பிக்கொண்டு வரவும்.